எலி வளை பற்றி நான் நடத்திய பாடம்

பெரும்பாணாற்றுப்படையைப் பதினாறு வருடமாக நடத்துகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வே ஆற்றுப்படை நூல்களில் உணவு பற்றியதுதான். அந்த நூலில் யார் வீட்டில் எந்தச் சோறு, தொட்டுக்கொள்ள என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எயிற்றியர் பகுதி. இரும்பு முனை வைத்த கோலால் கரம்பு நிலத்தைக் கிளறி, புழுதி படிந்த உடம்போடு புல்லரிசி சேர்த்துவரும் பெண்கள். விளாமர நிழலில், நிலத்திலேயே குழித்த உரலில் அதைக் குத்துவார்கள். ஆழக் கிணற்றில் உவர்நீர் எடுத்து, வாய் உடைந்த பழைய பானையில் சமைப்பார்கள். வருகிற பாணனுக்கு அந்தச் சோறும் உப்புக்கண்டமும் கிடைக்கும் என்று நூல் சொல்கிறது. விருந்தோம்பல் என்ற தலைப்பில் இதைப் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள்.

2019 ஜூலையில், இரண்டாம் ஆண்டு இளங்கலை வகுப்பில், இந்த இடத்துக்கு வந்ததும் எனக்குக் குரல் உயர்ந்தது. நூல் பாடும் இளந்திரையன் காஞ்சியில் இருந்து ஆண்டவன். எங்கள் கல்லூரி இருப்பதும் அதே தொண்டை மண்டலத்தில். "இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள்ள இன்னிக்கும் இருளர் பெண்கள் கடப்பாரையோட வயல்ல எலி வளை தோண்டி நெல்லு எடுக்கறாங்க. ரெண்டாயிரம் வருஷத் தொடர்ச்சி இது. நீங்க பாக்கறது ஒரு சங்கப் பாட்டு" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "எலியையும் சாப்பிடுவாங்க மேம்" என்றான். வகுப்பு சிரித்தது. நான் அவனை எழுப்பி நிற்கவைத்து, உணவில் உயர்வு தாழ்வு பார்ப்பது எவ்வளவு பெரிய அநாகரிகம் என்று பத்து நிமிடம் பேசினேன். நன்றாகவே பேசினேன். அன்று ஆசிரியர் அறைக்குத் திரும்பும்போது எனக்கு என்மேல் ஒரு திருப்தி இருந்தது.

ஜன்னலோர மூன்றாவது வரிசையில் ஒரு பெண் நான் சொன்னதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அவளோடு பேருந்தில் வரும் மாணவிதான் சொன்னாள். பழங்குடி மாணவர் உதவித்தொகைப் பட்டியல் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்திருக்கிறது. அதுவரை யாரும் அதை நின்று படித்ததில்லை. என் பாடத்துக்குப் பிறகு படித்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அவளுக்கு 'எலி' என்று பெயராகிவிட்டது.

விண்ணப்பத்தில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு போனேன். ஏரிக்கரைப் புறம்போக்கில் இருபது இருபத்தைந்து வீடுகள். பாதி அரசு கட்டிக்கொடுத்தவை, பாதி தார்ப்பாய் போட்டவை. அவள் வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்தாள் என்பது மட்டும் தெரிந்தது. அவளுடைய பெரியம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நீங்க என்னா சொன்னீங்கன்னு பொண்ணு சொல்லிச்சு."

"நான் பெருமையாத்தான் சொன்னேன் அக்கா."

"பெருமையாத்தான் சொன்னீங்களாம். அதான் அவளால ஒண்ணும் சொல்ல முடியல. திட்டியிருந்தீங்கன்னா வந்து சண்ட போட்டிருக்கலாம்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரே தொடர்ந்தார். "எங்களப் பத்திப் பாடம் எடுக்கறதா இருந்தா எங்களக் கேட்டுட்டு எடுங்க. இல்லன்னா நாங்களே வந்து எடுக்கறோம்."

கோபத்தில் சொன்ன வார்த்தை என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. அதற்கு முந்தைய வருடமே அந்தப் பெண்கள் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போய் ஆசிரியர்களிடம் பேசியிருந்தார்கள். பிள்ளைகள் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பில் நின்றுவிடுகிறார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று பள்ளிக்கூடம் ஒரு காரணம் வைத்திருந்தது, வீட்டில் வேறு காரணம் இருந்தது. ஐந்தாறு பெண்கள், மகளிர் குழுக் கூட்டத்தின் மிச்ச நேரத்தில் பேசிப் பேசி, தாங்களே ஒரு பாடத்தை உருவாக்கி வைத்திருந்தார்கள். எங்கள் கல்லூரிக்கும் வாருங்கள் என்று கேட்டேன். நாங்கள் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அதற்குள் கொரோனா வந்துவிட்டது. முதல் பட்டறை 2022இல்தான் நடந்தது.

அவர்கள் போட்ட நிபந்தனைகளில் முதலாவது, யாரும் பாம்பு பிடித்துக் காட்டச் சொல்லக் கூடாது. சாதிச் சான்றிதழ் வாங்கப் போகும்போது அதைத்தான் கேட்கிறார்கள் என்று பெரியம்மா சொன்னார். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் தர வேண்டும். அந்த மேசைக்கு முன்னால் நின்று, "நீ இருளர்னா பாம்பு புடிப்பியா?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் அவர். கையில் புத்தகப்பையோடு நின்ற பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணிடம், அவர் கண்முன்னாலேயே, அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. புகைப்படம் எடுக்கக் கூடாது என்பது இரண்டாவது. ஆடச் சொல்லக் கூடாது, பாடச் சொல்லக் கூடாது. "கலை நிகழ்ச்சி இல்ல இது, வகுப்பு" என்றார். அப்புறம், கூலி. பேச வரும் ஐந்து பேருக்கும் ஒரே தொகை. அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தால் கிடைக்கும் கூலியைவிடக் குறையக் கூடாது.

மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கடைசி நிபந்தனைதான் என்னை அலைய வைத்தது. கல்லூரியில் கருத்தாளர் மதிப்பூதியத்துக்கு ஒரு படிவம் உண்டு. பெயர், பதவி, நிறுவனம், கல்வித் தகுதி. முனைவர் பட்டம் பெற்றவருக்கு ஒரு தொகை, முதுகலைக்கு ஒன்று. ஒன்றுமில்லாதவருக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. 'இதரச் செலவு' என்ற தலைப்பில் காட்டிவிடலாம், தேநீர், வாழைப்பழம் எல்லாம் அதில்தான் வரும் என்று அலுவலகத்தில் யோசனை சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எயிற்றியர் கோலால் மண்ணைக் கிளறியதைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியதற்கு எனக்கு முதல் வகைத் தொகை. அதைக் கையால் செய்தவருக்கு வாழைப்பழக் கணக்கு. இரண்டு மாதம் போராடி 'சிறப்புத் துறை வல்லுநர்' என்று ஒரு வழி கண்டுபிடித்தோம். இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் அந்தக் கோப்பு ஒரு கேள்வியோடு திரும்பி வருகிறது.

பட்டறைக்கு எங்கள் மாணவிகளோடு, பக்கத்துக் கல்வியியல் கல்லூரியின் பி.எட். மாணவர்களும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் தாங்களாக விரும்பி வந்தவர்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பெரியம்மா எழுந்து முதலில் ஒரு கேள்வி கேட்டார். "உங்க பள்ளிக்கூடத்துல எங்க புள்ளைங்க எத்தன பேரு? எப்படித் தெரியும் உங்களுக்கு?" பதிவேட்டில் இருக்கும் என்றார் ஒருவர். இன்னொரு ஆசிரியை, "ரொம்ப அமைதியா இருப்பாங்க, ஒரு தொந்தரவும் இருக்காது" என்றார், பாராட்டாக. "எங்க வூட்டாண்ட வந்து பாருங்க, அதுங்க அமைதியா இருக்குதான்னு" என்றார் பெரியம்மா. அறை சிரித்தது. அந்த ஆசிரியையும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

அடுத்து வருகைப் பதிவேடு. மாசி மகத்தை ஒட்டிப் பிள்ளைகள் மூன்று நான்கு நாள் வருவதில்லை என்பது எல்லாப் பள்ளியிலும் உள்ள புகார். எங்கே போகிறார்கள் என்று அந்தப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. மாமல்லபுரம் கடற்கரை. மாசிப் பௌர்ணமிக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் இருளர்கள் அங்கே வந்து, சேலையையும் தார்ப்பாயையும் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். கன்னியம்மா கடலில் இருக்கிறாள். விடியற்காலையில் ஈர மணலில் ஏழு படி கட்டி, பூவும் வெற்றிலையும் வைத்து அவளை அழைக்கிறார்கள். கல்யாணம் பேசுவது, சண்டை தீர்ப்பது, காதுகுத்து எல்லாம் அங்கேதான். "உங்களுக்குப் பொங்கல் லீவு விடறாங்க. எங்க புள்ளைக்கு அன்னிக்கு ஆப்சென்ட் போடறீங்க" என்றார் அவர். லீவு விடச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது "எங்க சுத்திட்டு வர்ற?" என்று கேட்காமல், "கடல்ல என்ன பார்த்த?" என்று கேட்கச் சொன்னார். நான் இந்த ஊரில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கடற்கரைக் கோயிலுக்கு எத்தனையோ முறை மாணவிகளை அழைத்துப் போயிருக்கிறேன். மாசி மகத்தன்று போனதில்லை. கூட்டமாக இருக்கும் என்று தவிர்த்திருக்கிறேன்.

மதியத்துக்குப் பிறகு கல்லூரிக்குப் பின்னாலிருக்கும் காலி நிலத்தில் நடந்தோம். எனக்கு அது முள்ளும் குப்பையும். குழுவிலேயே வயதான ஆயா நாற்பது அடிக்குள் பதினான்கு செடிகளுக்குப் பெயர் சொன்னார். நொச்சி, ஆடாதொடை, முடக்கத்தான் போன்றவை நமக்குத் தெரிந்தவை. மற்றதை மாணவிகள் எழுதிக்கொண்டார்கள். பி.எட். மாணவர் ஒருவர் ஆர்வத்தோடு, "பாம்புக் கடிக்கு எந்தப் பச்சிலை பாட்டி?" என்று கேட்டார். ஆயா நின்று அவரைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போ சாமி. நேரத்தோட போ."

அந்தப் பையனுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பெரியம்மா விளக்கினார். ஆஸ்பத்திரியில் போடும் அந்த ஊசி எங்கிருந்து வருகிறது? நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தை எடுத்துத்தான் மருந்து நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டும். வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து அந்த வேலையைச் செய்கிறது. பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்திருந்து, சில முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். அதற்கு முன் தோலுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். 1972இன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு போனபோது, பாம்பைத் தெரிந்த அறிவு மட்டும் மிச்சமிருந்தது. அதைக்கொண்டு கட்டிய சங்கம். அங்கிருந்துதான் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு தேடப் போனார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஃபுளோரிடா போனதைச் சொன்னபோது ஆசிரியர்கள் கைதட்டினார்கள். ஆயா மட்டும், "எங்க அம்மாவும் புடிப்பா. வயித்துல புள்ளயோட போயி புடிச்சிருக்கா" என்று தனக்குள் சொல்வது போல் சொன்னார். அதற்கு யாரும் கைதட்டவில்லை. பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை.

பழங்குடிப் பெண் என்றால் நம் பாடநூல்களில் அவள் தினைப்புனம் காப்பாள், கிளி ஓட்டுவாள். நாங்கள் குறிஞ்சித் திணை நடத்துகிற வேகத்தில் 1992 ஜூன் 20 என்ற தேதியை ஒரு முறையும் சொல்வதில்லை. வாச்சாத்தியில் அன்று பதினெட்டுப் பெண்கள் அரசு ஆட்களால் பாலியல் வல்லுறவுக்கு உள்ளானார்கள். தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு வர 2011 ஆயிற்று. குற்றவாளிகள் 215 பேர். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அது மலையாளிப் பழங்குடியினரின் ஊர், இவர்கள் இருளர். ஆனாலும் பட்டறையின் இரண்டாம் நாளில் இந்தப் பெண்கள் பேசியது அதிலிருந்து ரொம்பத் தூரமில்லை. ஊரில் எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் ஏரிக்கரைக்குத்தான் ஜீப் வருகிறது. ஆண்கள் ஓடிவிடுகிறார்கள், பெண்கள் இருக்கிறார்கள். முன்பணம் வாங்கி அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் குடும்பத்தோடு போய் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை ஏன் நாலு மாதம் பள்ளிக்கு வரவில்லை என்பதற்குப் பல சமயம் அதுதான் பதில். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது என்று நான் இடையில் சொன்னேன். "வந்துச்சாம்" என்றார் பெரியம்மா.

இதைச் சொல்லும்போது ஒருவரும் அழவில்லை. அழ வைக்கவும் முயலவில்லை. என் மாணவிகள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து, "உங்களுக்காக நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள். "பக்கத்துல உக்காருங்க" என்றார் குழுவில் இருந்த இளைய பெண். வகுப்பில், பேருந்தில், சாப்பாட்டு நேரத்தில் என்று சேர்த்துச் சொன்னார். அவரும் கொஞ்சம் படித்தவர். எட்டாம் வகுப்பு வரை தனியாகவே உட்கார்ந்தவர்.

எலி வளை பற்றிய பாடத்தை ஆயாதான் எடுத்தார். அவர் வளை என்று சொல்வதில்லை, வங்கு என்பார். வங்கின் வாயில் புது மண் இருக்கிறதா, எத்தனை வாய், எதை அடைக்க வேண்டும், நெல் சேர்த்த அறை எந்தப் பக்கம் போகும் என்று தரையில் விரலால் வரைந்து காட்டினார். மண்சட்டியில் வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, அடியில் உள்ள ஓட்டையில் வாய் வைத்து ஊதிப் புகையை உள்ளே விட வேண்டும். ஊதி ஊதி வாய் வெந்துபோகும், நெஞ்சு கரிக்கும். அறுவடைக்குப் பிறகு சில வாரத்துக்குத்தான் இந்த நெல். அப்புறம் என்று ஒரு மாணவி கேட்டாள். அப்புறம் இல்லை.

அப்போது நான் பெரும்பாணாற்றுப்படையைச் சொன்னேன். இம்முறை கேட்டுவிட்டுச் சொன்னேன். இரும்புக் கோல், புல்லரிசி, உடைந்த பானை, உவர்நீர் எல்லாம். ஆயா பொறுமையாகக் கேட்டார். "உங்க புஸ்தகத்துல அந்தப் பொம்பள தோண்டறா இல்ல, பசிக்கா தோண்டறா, பெருமைக்கா?"

பசிக்குத்தான் ஆயா என்றேன். பானையின் வாய் உடைந்திருப்பதை எழுதியவர் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். உடைந்த பானை, உவர்நீர், முறிந்த அடுப்பு. பதினாறு வருடமாக இவற்றை நான் வருணனை நயம் என்ற தலைப்பில் நடத்தியிருக்கிறேன். அவர்களிடம் இருந்ததே அவ்வளவுதான் என்றும், அதிலிருந்துதான் பாணனுக்கும் பங்கு என்றும் ஒரு தடவையாவது வகுப்பில் சொல்லியிருக்கலாம். "அது நாங்கதான்னு சொல்லாதீங்க. நாங்களா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். நாங்க இப்ப இருக்கறோம்" என்றார் பெரியம்மா. கடைசி வாக்கியத்தை அவர் அழுத்திக்கூடச் சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் இருளர் சுமார் 1.9 லட்சம் பேர். எண் எனக்குத் தெரியும். முந்நூறு பக்க ஆய்வேட்டில் எங்கும் அதைப் போடவில்லை.

அந்த ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஒரு படம் இருக்கிறது. 2006 வாக்கில் மதுராந்தகம் பக்கம் வயல்வெளியில் நான் எடுத்தது. கடப்பாரையோடு ஒரு பெண். கீழே 'எலி வளை தோண்டும் இருளர் பெண்' என்று எழுதியிருக்கிறேன். பட்டறை முடிந்த மறு வாரம் ஏரிக்கரைக்கு அதை எடுத்துப் போனேன். யார் என்று யாருக்காவது தெரிந்தால், பெயரை எழுதிவைக்கலாம், அவரிடமே ஒரு பிரதி கொடுக்கலாம் என்று நினைத்தேன். பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்கும் தெரியவில்லை. ஆயா வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கடப்பாரையத் தப்பாப் புடிச்சிருக்கா. இப்படிப் புடிச்சா குத்த முடியாது. நீ புடிக்கச் சொன்னியா?"

ஆமாம். முகம் தெரிய வேண்டும் என்பதற்காக இந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே திரும்பினார். எனக்கு அந்தச் சிரிப்பும் அந்த வெயிலும் நன்றாக நினைவிருக்கிறது. பெயர் கேட்ட நினைவில்லை.

பட்டறை இப்போது நான்காவது வருடம் நடக்கிறது. வருகிற ஆசிரியர்களில் எத்தனை பேர் மாறினார்கள் என்று என்னால் அளக்க முடியாது. ஒரு தலைமையாசிரியர் உதவித்தொகைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை நிறுத்தியிருக்கிறார். எங்கள் கல்லூரியிலும் நிறுத்தினோம். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதுமாக இருந்தது. 2019லேயே போட்டிருக்கலாம்.

அந்தப் பெண் திரும்ப எங்கள் கல்லூரிக்கு வரவில்லை. ஒரு வருடம் ஒரகடத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். பிறகு வேறொரு கல்லூரியில் பி.காம். சேர்ந்து முடித்தாள். இப்போது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன், பதில் இல்லை. பதில் வர வேண்டும் என்று எதிர்பார்த்தது தவறு என்று இப்போது தெரிகிறது. இந்த ஆண்டு பட்டறைக்கு முன்னால் பெரியம்மாவின் கைபேசிக்கு அழைத்தபோது அவள் எடுத்தாள். என்ன பேசுவது என்று தெரியாமல், ஒரு நாள் வந்து மாணவிகளிடம் பேசுகிறாயா என்று கேட்டுவிட்டேன்.

"அது பெரியம்மாவோட வேல மேம். நான் அக்கவுன்ட்ஸ் பாக்கறேன்" என்றாள்.

சரிதான் என்றேன். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அந்தப் பாடம் இப்பவும் இருக்கா மேம்?"

"இருக்கு."

"பரீட்சைல கேக்கறாங்களா?"

"கேக்கறாங்க. பத்து மார்க்."

அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. "அப்ப நடத்தித்தான ஆகணும்" என்று சொல்லி, பெரியம்மாவிடம் போனைக் கொடுத்தாள்.